பட்டினி கிடந்த பாம்பும் செத்துப்போன டெர்க்கும்

டிராப் சாப்பிடுவதை நிறுத்தியபோது டெர்க் விக்கர்ஸுக்கு முதலில் வந்தது கவலை இல்லை, ரோஷம். ஃப்ரீசரில் மீன் துண்டுகளுக்குப் பக்கத்தில் விறைத்துக் கிடந்த சுண்டெலியை முந்தின நாளே வெளியே எடுத்து இளக வைத்து, வெந்நீரில் முக்கி, ஹேர் டிரையரால் பதமாகச் சூடு காட்டி, நீளமான இடுக்கியில் பிடித்து மூக்குக்கு நேரே நீட்டினால், அந்த மலைப்பாம்பு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தன்னுடைய சாப்பாட்டுக்கு அவர் இதில் பாதி அக்கறைகூடக் காட்டுவதில்லை. பெரும்பாலும் ரொட்டியும் சீஸும்தான், அதுவும் சமையலறையில் நின்றபடியே. ராஜ உபசாரம் செய்தும் மதிக்கவில்லையே என்று அவருக்கு ஆற்றாமையாக இருந்தது.

உண்மையில் டிராப் அவருடைய பாம்பே இல்லை. மகள் ஃபென்னா சின்னப் பெண்ணாக இருந்தபோது அடம்பிடித்து வாங்கியது. கறுப்பும் பழுப்புமாக இருந்ததால், டிராப் என்று அங்கே விற்கிற அதிமதுர மிட்டாயின் பெயரையே வைத்துவிட்டாள். பிறகு டெர்க்கின் மனைவி வேறொருவரோடு வாழ அர்ன்ஹெமுக்குப் போனாள். அந்த வேறொருவரிடம் பூனைகள் இருந்தன. அடுத்து ஃபென்னா படிக்க உத்ரெக்டுக்குப் போனாள். மாணவர் விடுதியில் பாம்புக்கு அனுமதி இல்லையாம். ஆகக்கூடி வின்டர்ஸ்வைக் என்ற அந்தச் சின்ன ஊரின் வீட்டில் மிஞ்சியது டெர்க்கும் டிராப்பும்தான்.

ஃபென்னா மாதத்தில் ஓரிரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வருவாள். அப்பாவின் கன்னத்தில் மூன்று முத்தம், அப்புறம் நேராகப் பாம்பிடம். டெர்க் ஓரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் போட்டு வைத்திருந்த கணக்கு மிகவும் எளிது: பாம்பு இங்கே இருக்கிறவரைக்கும் மகள் இங்கே வருவாள். அதனால்தான், "டிராப் சாப்பிட்டாளா?" என்று அவள் போனில் கேட்டபோது, "வெளுத்துக் கட்டுறா" என்று வாய் கூசாமல் சொன்னார். ஏனென்றால் அவள் முன்பே ஒருமுறை சொல்லியிருந்தாள்: "அங்க அவளுக்கு ஒத்துக்கலேன்னா சொல்லுப்பா. இங்க என் ஃபிரண்டு ஒருத்தி பாம்பு வளர்க்கிறா, அவகிட்ட விட்டுடலாம்." பாம்பு தின்னாத எலிகளைத் திரும்ப ஃப்ரீசரில் வைக்கக் கூடாது என்பதால் தோட்டத்தில் புதைத்தார். அந்த வருஷம் தெருவிலேயே விக்கர்ஸ் வீட்டு ரோஜாதான் கொழுத்து நின்றது.

டெர்க் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் வாத்தியார் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். மற்ற வாத்தியார்கள் ஆபத்துக்கு அதை மிதிப்பார்கள், டெர்க் அன்பால் மிதிப்பார். மாணவர்கள் கார் ஏன் அடிக்கடி தானாக நிற்கிறது என்று தெரியாமலே பரீட்சைக்குப் போவார்கள். யாரையும் அவர்கள் பாட்டுக்குப் போகவிடத் தெரியாத மனுஷன் என்று தன்னைப் பற்றி அவரே சிரித்துக்கொண்டு சொல்வதுண்டு. சொல்வாரே தவிர, மாற்றிக்கொள்ள மாட்டார்.

பாம்பையும் அவர் சும்மா விடவில்லை. ஃபென்னா போன பிறகு அதற்குப் பொழுது போகவில்லை என்று முடிவு கட்டினார். நாலு பேரைக் கூப்பிட்டு, கண்ணாடித் தொட்டியை மாடி அறையிலிருந்து இறக்கி, கூடத்தின் முன் ஜன்னலில் வைத்தார். அந்த ஜன்னல் சுவரின் அகலத்துக்கு இருக்கும். அந்தத் தெருவில் எந்த வீட்டு ஜன்னலுக்கும் திரை கிடையாது. சாயங்காலம் விளக்கைப் போட்டுவிட்டுக் குடும்பத்தோடு உட்கார்ந்தால், யார் வீட்டில் என்ன குழம்பு என்று நாய்க்குக்கூடத் தெரியும். திரை போடுகிறவன் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம், விக்கர்ஸ் குடும்பம் தலைமுறை தலைமுறையாக எதையும் மறைத்ததில்லை. பாம்பு எந்நேரமும் மரப்பட்டைக் குடிலுக்குள்ளேயே சுருண்டு கிடந்ததால், தெரு அதற்கு நன்றாகத் தெரியட்டும் என்று குடிலையும் எடுத்துப் பரணில் போட்டார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி வேடிக்கை பார்த்தார்கள். சாயங்காலமானால் டெர்க் பாம்பை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு சோபாவில் உட்காருவார். டிவியில் வினாடி வினா ஓடும். பதில் தெரிந்தால் பாம்பிடம் சொல்லுவார்.

இவ்வளவு செய்தும் பாம்பு சாப்பிடவில்லை.

பக்கத்து வீட்டு ஹெர்மனின் பிறந்தநாளில் விஷயம் வெளியே வந்தது. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, எல்லாருக்கும் எல்லாரும் வாழ்த்துச் சொல்லி, மடியில் கேக் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாயிற்று. வட்டத்தில் உட்கார்ந்தால் எழுந்து ஓட முடியாது, பேசித்தான் ஆக வேண்டும். டெர்க் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

"எலி பழசாப் போயிருக்கும்" என்றார் ஹெர்மன்.

"மனசு சரியில்ல அதுக்கு" என்றாள் ஹெர்மனின் மைத்துனி. "என் நாத்தனாருக்கும் இப்படித்தான் ஆச்சு. ஆறு மாசம் சூப்பு மட்டும் குடிச்சா."

எதிர்வீட்டு ஆல்ச்சே, வயதான விதவை, தெருவில் யாருக்கும் பயப்படாதவள், தட்டை வைத்துவிட்டு டெர்க்கை ஏற இறங்கப் பார்த்தாள். "பாம்பை விடுய்யா. நீ சாப்பிடறியா மொதல்ல? கேக்குல பாதி அப்படியே கெடக்கு."

"எனக்கென்ன குறைச்சல்? நல்லாத்தான் இருக்கேன்."

"நல்லா இருக்கறவன் பாம்புக்கிட்ட வினாடி வினாவுக்குப் பதில் சொல்லிட்டிருக்க மாட்டான். எங்க வீட்லேர்ந்து எல்லாம் தெரியுது."

அடுத்த நாள் டிராப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு டெர்க் கால்நடை மருத்துவரிடம் போனார். டாக்டர் லீனெகே பாம்பை எடை போட்டு, வாயைத் திறந்து பார்த்து, வயிற்றைத் தடவிவிட்டு, பாம்பை மேஜையில் விட்டுவிட்டு டெர்க்கைப் பரிசோதிக்கிற மாதிரி பார்த்தாள்.

"இவளை எங்க வச்சிருக்கீங்க?"

"முன் ஜன்னல்ல. தெரு பூரா தெரியும்."

"தெருவுக்கும் இவ தெரிவா. ஒளிஞ்சுக்க இடம் இருக்கா?"

"இருந்துச்சு. எந்நேரமும் அதுக்குள்ளயே கெடந்தா, எடுத்துட்டேன்."

"டெர்க், உங்க வீட்டுக் கழிப்பறைக் கதவைக் கழட்டிட்டு, அதைத் தெருவப் பார்க்க வச்சு, உள்ள உக்காந்து சாப்பிடுங்கன்னு சொன்னா சாப்பிடுவீங்களா?"

டெர்க் துணிப்பையை மடிக்க ஆரம்பித்தார். டாக்டர் விடவில்லை. "கையில எடுக்கிறதுண்டா?"

"சாயங்காலம் கொஞ்ச நேரம்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"வினாடி வினா முடியிற வரைக்கும். அப்புறம் செய்தி."

"அய்யோ பாவம், செய்தி வேறயா" என்று டாக்டர் பாம்பைப் பார்த்துச் சொன்னாள். "இதோ பாருங்க, இவளுக்கு ஒரு நோயும் இல்ல. உங்களத் தாங்க முடியல, அவ்வளவுதான். எடை இறங்கியிருக்கு. இன்னும் இறங்கினா ஆபத்து. குடிலைத் திரும்ப உள்ள வைங்க. தொடாதீங்க. சத்தம் கூடாது, கதவு அதிரக் கூடாது. எலியைக் குடில் வாசல்ல வச்சிட்டு வெளிய போயிடணும். எட்டிப் பார்க்கக் கூடாது."

"தொட்டியை மறுபடி மாடிக்குத் தூக்கிடவா?"

"இன்னொரு தடவை இடம் மாத்தி அவளை உலுக்காதீங்க. ஜன்னலுக்குத் திரை போடுங்க."

"எங்க தெருவுல யாரும் திரை போடறதில்லையே டாக்டர்."

"அப்ப நீங்க போடுங்க."

காரில் திரும்பி வரும்போது டெர்க்குக்கு அவமானமாக இருந்தது. ஒரு ஜீவனுக்குத் தன்னால் செய்ய முடிந்த பெரிய உபகாரம் அதன் கண்ணில் படாமல் இருப்பதுதான் என்று காசு வாங்கிக்கொண்டு ஒருத்தி சொல்லிவிட்டாள். மனைவி அதைக் காசு வாங்காமலே சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் வந்தது.

வீட்டில் திரைத்துணி என்று ஒன்று இல்லை. அவ்வளவு பெரிய ஜன்னலை மறைக்கக்கூடியதாக இருந்தது, இரட்டைக் கட்டிலுக்கான வெள்ளை விரிப்பு ஒன்றுதான். ஒற்றை ஆளுக்கு இனி அது எதற்கு என்று அலமாரியில் மடித்துக் கிடந்தது. மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, காலையிலேயே அதை ஜன்னலின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஆணி வைத்து அடித்தார். குடிலைப் பரணிலிருந்து இறக்கித் தொட்டிக்குள் வைத்தார். அழைப்பு மணியின் கம்பியைக் கழற்றினார். கைபேசியையும் அணைத்தார். அன்று ஃபென்னா கூப்பிடுகிற நாள். மறுபடி பொய் சொல்லவும் நாக்கு வரவில்லை, உண்மையைச் சொல்லவும் துணிவில்லை. பின்பக்கம் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு குறுக்கெழுத்துப் புதிரோடு உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பக்கத்து ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் குடும்பத்தார் துரும்பை அசைக்க வேண்டியதில்லை. சொல்லி அனுப்புவது, நாற்காலி போடுவது, காப்பி வைப்பது, பெட்டி தூக்குவது எல்லாம் அக்கம்பக்கத்துக் கடமை. அதில் முறைவாசல்கூட உண்டு, விக்கர்ஸ் வீட்டுக்கு ஆல்ச்சேதான் முதல் பொறுப்பு. அவள் சின்ன வயதில், சாவு வீட்டு ஜன்னலில் வெள்ளைத் துணி கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவள். காலையில் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். எதிரே துணி. வாசலில் கார் நிற்கிறது. மணியை அழுத்தினால் சத்தமில்லை. போன் போகவில்லை. தெருவில் இதுவரைக்கும் யார் வீட்டுக்குள்ளேயும் பார்க்க முடியாமல் போனதில்லை.

துணியைக் கட்டியது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. துணியைக் கண்டதுமே கை வேலைக்குப் போய்விட்டது. இதெல்லாம் டெர்க்குக்கு அப்புறம்தான் தெரிந்தது. அப்போது அவருக்குத் தெரிந்ததெல்லாம், மத்தியானத்துக்கு மேல் எலியைச் சூடு பண்ணி முடித்து, இடுக்கியில் பிடித்துக்கொண்டு நின்றபோது, தோட்டத்தில் ஏதோ மடக்கு நாற்காலிகள் உரசுகிற சத்தம் கேட்டது என்பதுதான். பின்கதவைத் திறந்தார்.

ஹெர்மன் இரண்டு கக்கத்திலும் நாற்காலிகளோடு நின்றார். அவர் மனைவி கையில் பெரிய காப்பிக் கொதிகலன். ஆல்ச்சே கறுப்புக் கோட்டும் கறுப்புத் தொப்பியுமாக, வெட்டி அடுக்கிய கேக்கை ஏந்திக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் அப்படியே உறைந்து நின்றார்கள்.

டெர்க் கறுப்புத் தொப்பியைப் பார்த்தார். "அடக் கடவுளே, யாரு செத்தது?"

"நீதான்யா" என்றாள் ஆல்ச்சே.

ஹெர்மன் கையிலிருந்து ஒரு நாற்காலி நழுவிப் புல்லில் விழுந்தது.

"நான் சாகலியே" என்றார் டெர்க். இடுக்கியில் எலி ஆடிக்கொண்டிருந்தது.

"அப்ப அந்தத் துணி?"

"அது பாம்புக்கு."

"பாம்பு செத்துடுச்சா?"

"இல்ல. அவ தனியா இருக்கணுமாம். டாக்டர் சொன்னாங்க."

"பாம்பு தனியா இருக்கணும்னு நான் பெட்டியிலேர்ந்து கறுப்புக் கோட்டை எடுத்து இஸ்திரி போட்டிருக்கேன்!" ஆல்ச்சேவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதை மறைக்கக் குரலை உயர்த்தினாள். "ஒரு வார்த்தை சொன்னா என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"மன்னிச்சிடுங்க ஆல்ச்சே." அப்போதுதான் டெர்க்குக்கு வேறொன்று உறைத்தது. "யாருகிட்டயாவது சொல்லிட்டீங்களா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹெர்மன் மெதுவாகச் சொன்னார்: "ஃபென்னாகிட்ட. ஆல்ச்சே காலையிலயே சொல்லிட்டாங்க. முறைப்படி."

டெர்க் உள்ளே ஓடிக் கைபேசியைத் திறந்து மகளைக் கூப்பிட்டார். மணி போகவில்லை. அழுது அழுது பேசியே அவள் போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ரயிலில் தனியாக வந்துகொண்டிருப்பாளே என்று மறுபடி மறுபடி கூப்பிட்டுப் பார்த்தார். அதே நேரத்தில் மனதின் ஒரு மூலையில், இன்று ஞாயிற்றுக்கிழமை இல்லையே, ஆனாலும் வருகிறாள் என்று ஒரு துளி சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. சீ, இப்படியும் ஒரு பிறவியா என்று அவர் தன்னையே காறித் துப்பிக்கொண்டார்.

எலி ஆறிக்கொண்டிருந்தது. அதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று இருண்ட கூடத்துக்குள் பூனை மாதிரி போய், குடில் வாசலில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்து கதவைச் சாத்தினார்.

போட்ட காப்பியையும் வெட்டிய கேக்கையும் வீணாக்க அந்தத் தெருவில் யாருக்கும் மனம் வராது. செத்தவன் உயிரோடு இருப்பது அதற்கு ஒரு காரணமாகாது. எல்லாரும் சமையலறையில் உட்கார்ந்தார்கள். டெர்க் தன் சாவுக்கு வந்த கேக்கைச் சாப்பிட்டார், நன்றாகவே இருந்தது, இன்னொரு துண்டும் கேட்டார். இடுகாட்டில் பேசுவதற்கு என்ன யோசித்து வைத்திருந்தீர்கள் என்று ஹெர்மனைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஹெர்மன் சங்கடப்பட்டார். "மெதுவாத்தான் ஓட்டுவாரு, யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லன்னு."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். மீதி வர்ற வழியில யோசிக்கலாம்னு இருந்தேன்."

ஐம்பத்தேழு வருஷ வாழ்க்கைக்கு ஒன்றரை வாக்கியம். டெர்க்குக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது, இரண்டுக்குமாகச் சேர்த்து இன்னொரு வாய் கேக்கைப் போட்டுக்கொண்டார்.

அப்போது பின்கதவு திறந்தது. ஃபென்னா நின்றாள். முகம் வீங்கியிருந்தது, கோட்டுப் பொத்தான்கள் மாறிப் போட்டிருந்தன. மேஜையில் உட்கார்ந்து வாய் நிறையக் கேக்கோடு இருக்கும் அப்பாவைப் பார்த்தாள். அக்கம்பக்கத்தார் பேசாமல் கோப்பைகளை வைத்துவிட்டு வெளியேறினார்கள். ஆல்ச்சே போகிற போக்கில் அவள் தோளைத் தடவிவிட்டு, "தப்பு என்மேலதான்டி கண்ணு, ஆனா முக்கால்வாசி அவன்மேல" என்றாள்.

ஃபென்னா முத்தம் கொடுக்கவில்லை. தோள்பையால் அப்பாவின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். இன்னொன்றும் வைத்தாள். பிறகு பையை விட்டுவிட்டு அவர் தலையைக் கட்டிக்கொண்டாள். "எதுக்குப்பா போன் வச்சிருக்கே? ரயில்ல டிக்கெட் பார்க்கிறவரு என் பக்கத்துலயே உக்காந்துட்டாரு. அவரும் அழுதுட்டாருப்பா. உன்னைத் தெரியவே தெரியாது அவருக்கு."

டெர்க் கேக்கை விழுங்கினார். இனிமேல் பொய்க்கு இடமில்லை. "டிராப் சாப்பிடறதில்ல ஃபென்னா. ரொம்ப நாளாவே."

"வெளுத்துக் கட்டுறான்னு சொன்னியே?"

"பொய். நான்தான் காரணம். ஜன்னல்ல வச்சேன், குடிலை எடுத்தேன், நாள் தவறாம எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டேன். டாக்டர் திட்டிட்டாங்க. அதான் துணி, அதான் போனை அணைச்சேன்."

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீ கொண்டுபோய் உன் ஃபிரண்டுகிட்ட விட்டுடுவே. அப்புறம் நீ எதுக்கு இங்க வரப்போறே?"

ஃபென்னா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அப்பா, எனக்குப் பாம்பு அலுத்து எத்தனையோ வருஷம் ஆச்சு" என்றாள்.

"வந்ததும் நேரா அவகிட்டதானே போவே?"

"நீ ஓரமா நின்னு அப்படிப் பார்ப்பியே! எடுக்கலேன்னா உன் மூஞ்சி வாடிடும்னுதான் எடுத்தேன். அவளுக்கும் புடிக்காது, எனக்கும் புடிக்காது." அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "விடுதியில அனுமதி இல்லேன்னு சொன்னதும் பொய்தான். பக்கத்து ரூம்ல ஒருத்தன் ஓணானே வச்சிருக்கான். அம்மா போயாச்சு, நானும் போயிட்டா எப்படின்னு, வீட்ல உன்கூட உசுரோட ஏதாவது இருக்கட்டும்னு விட்டுட்டுப் போனேன்."

மகளுக்காக அப்பாவும், அப்பாவுக்காக மகளுமாக, தொட்டாலே பிடிக்காத ஒரு ஜீவனை மாறி மாறித் தூக்கிக் கொஞ்சியிருக்கிறார்கள். அந்த வீட்டில் மூன்று பேரில் பொய் சொல்லாதது டிராப் மட்டும்தான். பிடிக்கவில்லை என்பதை அது எலியைத் தள்ளித் தள்ளி முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறது.

கூடத்திலிருந்து தொப்பென்று மெல்லிய சத்தம் ஒன்று வந்தது. ஃபென்னா எழுந்தாள். டெர்க் அவள் சட்டைக் கையைப் பிடித்தார். "போகாதே. எட்டிப் பார்க்கக் கூடாதாம்."

உட்கார்ந்தார்கள். டெர்க்கின் வலது கால் மேஜைக்கு அடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. அவர் உருளைக்கிழங்கு வேகவைத்தார், முட்டை பொரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு தட்டுப் போட்டு மேஜையில் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டார்கள். தட்டுகளைக் கழுவிய பிறகு கதவை விரலளவு திறந்து பார்த்தபோது எலி இல்லை. குடிலுக்குள் டிராப்பின் ஒரு மடிப்பு மட்டும் தெரிந்தது, தடிப்பாக. இருவரும் சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைவரை ஓடிவந்து சிரித்தார்கள்.

ஃபென்னா கோட்டை மாட்டி, பொத்தான்களைச் சரியாகப் போட்டாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. டெர்க் பின்வாசலில் நின்றார். அடுத்த தடவை வரச் சொல்ல வேண்டும், ஆனால் எதைச் சாக்காகச் சொல்வது? பாம்பைப் பார்க்க வா என்று இனிமேல் சொல்ல முடியாது. ரோஜாவைப் பார்க்க வா என்று சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் யோசித்தார். அவள் படலைத் திறந்துவிட்டாள்.

"ஃபென்னா."

"என்னப்பா?"

"ஞாயித்துக்கிழமை வாம்மா. எனக்கு உன்னைப் பார்க்கணும்."

அவள் திரும்பி நின்று அவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"இந்த ஒரு வரியைச் சொல்றதுக்கு," என்றாள், "ஒரு பாம்பைப் பட்டினி போட்டு, நீயும் செத்து, இவ்வளவு பாடு படணுமாப்பா?"